பழைய கணிப்பொறிக்கு ஏற்ற நினைவகம்

திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2001ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டத்தின் பயனாகக் கேரளப் பள்ளிகளில் கணிப்பொறிக் கூடங்கள் பெருகின. 2017இல் இத்திட்டம் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. உபுண்டு என்னும் கட்டற்ற மென்பொருளை அடிப்படையாகக் கொண்ட இயக்க முறைமையை இந்நிறுவனம் பள்ளிகளுக்கு வழங்கி வருகிறது. உபுண்டு 22.04 மேசைப் பதிப்புக்கு 4 ஜிகாபைட் நினைவகம் தேவை. பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பொறிகளிலோ 1 அல்லது 2 ஜிகாபைட்டே இருத்தல் கூடும். அத்தகைய பொறி மந்தமாக இயங்குவது கண்டு அதனை ஒதுக்கிவிடுதல் முறையன்று; நினைவகத்தைப் பெருக்கினால் அது மீண்டும் மாணவர்க்குப் பயன்படும்.

ஆயினும் எல்லா நினைவகமும் எல்லாப் பொறிக்கும் பொருந்துவதில்லை. டி.டி.ஆர். 2 வகையும் டி.டி.ஆர். 3 வகையும் 240 முனைகள் உடையன. ஆனால் முன்னது 1.8 வோல்ட்டிலும் பின்னது 1.5 வோல்ட்டிலும் இயங்குவன. டி.டி.ஆர். 4க்கு முனைகள் 288, மின்னழுத்தம் 1.2 வோல்ட். ஒவ்வொரு வகைக்கும் வெட்டுப்பள்ளம் வெவ்வேறிடத்தில் அமைந்துள்ளது. எனவே, பொருந்தாத பலகையை வலிந்து அழுத்துதல் கூடாது.

வகை ஒத்திருந்தால் மட்டும் போதாது. இன்டெல் ஜி41 சில்லுத்தொகுதி கொண்ட தாய்ப்பலகைகளை எடுத்துக்கொள்வோம். இவை 8 ஜிகாபைட்டுக்கு மேல் ஏலா. மேலும், ஒவ்வொரு சில்லும் 2 ஜிகாபிட் வரையில் இருந்தால்தான் அவற்றுக்குப் புலப்படும். ஆகவே 4 ஜிகாபைட் பலகையில் 16 சில்லுகள் இருத்தல் வேண்டும். தலா 4 ஜிகாபிட் கொண்ட 8 சில்லுகளால் அமைந்த பலகை, அளவில் ஒன்றேயாயினும், சரிவர இயங்காது. இதனை அறியாது வாங்கினால் பள்ளியின் பணம் வீணாகும்.

வாங்குமுன் பழைய பலகையின் சீட்டைப் படித்தல் நன்று. ‘பி.சி.3-10600’ என்றிருப்பின் அது 1333 வேகமுள்ள டி.டி.ஆர். 3 ஆகும். வேகம் வேறுபட்ட இரு பலகைகளைச் சேர்த்தால் இரண்டும் குறைந்த வேகத்திலேயே இயங்கும். சர்வர்களுக்குரிய ‘ரெஜிஸ்டர்டு’ பலகைகள் மலிவாகக் கிடைப்பினும் சாதாரண மேசைக் கணிப்பொறிக்கு உதவா. 32 பிட் இயக்க முறைமையாயின், பொதுவாக 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகம் முழுமையாகப் பயன்படாது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பொருத்துங்கால் முதலில் மின்கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும். பின்னர் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு, பலகையை ஓரங்களிற் பிடித்து, பள்ளத்தை நேராக்கி, பற்றிகள் தாமே மூடும்வரை அழுத்துதல் வேண்டும். பொறி தொடங்காவிடில் பலகையை எடுத்து, முனைகளைத் துடைத்து மீண்டும் பொருத்திப் பார்க்கலாம். இறுதியாக, ‘மெம்டெஸ்ட்’ என்னும் சோதனையை ஒரு முழுச் சுற்று நடத்திப் பிழையில்லையெனக் கண்ட பின்னரே பொறியை வகுப்பறைக்கு அனுப்புதல் சாலச் சிறந்தது.