பசி எழுதும் கணக்கு

வரவு மிகுந்து செலவு குறைந்தால் இருப்பு உயரும். வங்கிக் கணக்கில் இது மகிழ்ச்சிக்குரியது, உடலில் அவ்வாறன்று. உணவு வரவு, உழைப்பு செலவு, எஞ்சுவது கொழுப்பு. ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி ஆற்றலின் சேமிப்பாகும்.

எவரும் கலோரியை எண்ணி உண்பதில்லை. எனினும் நன்கு உழைப்பவரின் எடை பல ஆண்டுகள் பெரிதும் மாறாமல் நிற்பதைக் காண்கிறோம். செலவுக்கேற்ப வரவைச் சரிசெய்யும் கணக்கர் அவருடைய பசியே. அந்தக் கணக்கர் எப்போது பிழை செய்கிறார்?

இவ்வினாவை ஆராய்ந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ழான் மேயர். 1920இல் பாரிசில் பிறந்த இவர், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்துப் பேராசிரியராகப் பணியாற்றினார். பசி, உடலுழைப்பு, உடற்பருமன் ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பே இவரது ஆய்வுக்களம். முதலில் எலிகளிடம் கண்டதை மனிதரிடம் சோதிக்க இவருக்கு வாய்த்த இடம் நம் நாட்டின் மேற்கு வங்கம். அங்குள்ள சணல் ஆலையைச் சார்ந்த 213 ஆண்களின் உணவு, எடை, வேலை ஆகியவற்றை ராய், மித்ரா ஆகிய இந்திய ஆய்வாளர்களுடன் சேர்ந்து ஆராய்ந்து, 1956இல் முடிவுகளை வெளியிட்டார்.

மிதமான வேலை முதல் கடும் வேலை வரை செய்தோரிடம், உழைப்பு கூடக் கூட உணவும் கூடியது. எடையில் பெரிய வேறுபாடு இல்லை. பசி தன் கணக்கைச் சரியாகவே எழுதியது. ஆனால் நாள் முழுவதும் அமர்ந்திருந்த கடைக்காரர்களும் மேற்பார்வையாளர்களும் குறைவாக உண்ணவில்லை. சிறிதளவு உழைத்தோரைவிட மிகுதியாகவே உண்டனர்; அவர்களின் எடையும் மிகுந்திருந்தது. உழைப்பு ஓர் எல்லைக்குக் கீழே சென்றால் பசி அதற்கேற்பக் குறைவதில்லை என்பதே மேயர் கண்ட முடிவு.

இதனை அளவறிந்து கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் ஓர் ஆலையில் எடுத்த கணக்கு இது. அமர்ந்து பணியாற்றியோரின் வருமானமும் வாழ்க்கை முறையும் வேறுபட்டிருக்கக்கூடும். ஆகவே உழைப்பின்மை ஒன்றே காரணமென்று உறுதியாகக் கூற இயலாது. உடற்பயிற்சி மட்டுமே எடையைப் பெரிதும் குறைத்துவிடும் என்றும் இதற்குப் பொருளன்று. அரைமணி நேர நடையில் செலவாகும் ஆற்றலை ஓரிரு இனிப்புகள் எளிதில் ஈடு செய்துவிடும். நடைக்குப் பரிசாக நொறுக்குத் தீனி உண்பவரின் கணக்கில் செலவு எழுதப்பட்ட அன்றே வரவும் எழுதப்படுகிறது.

இன்று மேசைமுன் அமர்ந்து பொருளீட்டுவோர் மிகப் பலர். வங்கிப் பணியாளராகிய நாங்களும் அவர்களுள் அடக்கம். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு மதிப்பிட்டது. உடற்பருமன் அந்நோய்க்கான முக்கியக் காரணங்களுள் ஒன்று.

வாரத்தில் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது வளர்ந்தோருக்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவு. விரைந்த நடையாயின், வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி நேரம். அமர்ந்தே பணிபுரிவோர் பசியை மட்டும் நம்பி உண்ணாமல், தட்டில் இடும் அளவை முன்னரே வரையறுத்துக்கொள்வது நன்று. சேமிப்புக்குத் தவணை குறிப்பதுபோல் நடைக்கும் நேரம் குறித்துக்கொண்டால், அது நாளடைவில் வழக்கமாகிவிடும்.