கேட் பார்க்கிறது எந்த நேரத்தை?

போன எபிசோடில், ஃபோனைத் தட்டிக் காசு கட்டும்போது உள்ளே என்ன நடக்குது என்று கதைச்சோம். அதோடு ஒட்டின விஷயம்தான் இது: லண்டன் டியூபில் ஆஃப்-பீக் கட்டணம்.

இதுக்கென்று தனி டிக்கெட் வாங்கத் தேவையில்லை. கார்டைத் தட்டினால் சிஸ்டமே கணக்குப் பார்க்கும். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6:30 தொடக்கம் 9:30, பின்னேரம் 4 தொடக்கம் 7 வரை பீக். மற்ற நேரமும் சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களும் ஆஃப்-பீக்.

கனபேருக்குத் தெரியாதது, எந்த நேரத்தை வைத்து முடிவாகுது என்பது. உள்ளே போகிற கேட்டில் தட்டின நேரம் மட்டும்தான் கணக்கு. 6:29க்கு வெம்ப்ளி பார்க்கில் தட்டி, 7 மணிக்குப் பிறகு பாங்கில் இறங்கினாலும் ஆஃப்-பீக்தான். 9:28க்குத் தட்டிவிட்டு 9:35 ரயிலில் ஏறினால் பீக். ஆகவே பிளாட்ஃபார்மில் நிற்காதீங்கோ, கேட்டுக்கு வெளியே நில்லுங்கோ. 2025 மார்ச் கட்டணப்படி சோன் 4இலிருந்து சோன் 1க்கு பீக்கில் 4.60 பவுண்ஸ், ஆஃப்-பீக்கில் 3.40. புதுக் கொன்ட்ராக்டில் நான் முதல் கேட்கிறதே, பத்து மணிக்கு வரலாமா என்றுதான்.

பின்னேரத்துக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு. சோன் 1க்கு வெளியே தொடங்கி சோன் 1க்குள் முடிகிற பயணம் 4–7 மணிக்கும் ஆஃப்-பீக். மைல் எண்டில் லெக்சர் முடிஞ்சு 5 மணிக்கு லெஸ்டர் ஸ்குவேருக்குப் படம் பார்க்கப் போகலாம். ஆனால் அதே நேரம் சோன் 1க்குள்ளால வெம்ப்ளிக்கு வீட்டுக்குப் போனால் பீக், ஏனென்றால் பயணம் சோன் 1இல் முடியவில்லை.

உங்களுக்கு உண்மையில் காசு மிச்சமாகிற இடம் ரெயில்கார்ட். 16–25, 26–30 ரெயில்கார்ட் ஏதாவது இருந்தால் ஆஃப்-பீக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும், ஒரு நாளைக்கான ஆஃப்-பீக் உச்சவரம்பும் குறையும். அந்த 3.40 ஏறக்குறைய 2.25 ஆகும். கார்ட் வருஷத்துக்கு 35 பவுண்ஸ். இப்படி ஏறக்குறைய முப்பது பயணத்தில் போட்ட காசு திரும்பிவிடும். எனக்கு அந்த வயசு தாண்டிட்டுது, நீங்களாவது பாவியுங்கோ.

ஒரு சிக்கல்: இதை ஃபோனிலோ பாங்க் கார்டிலோ சேர்க்க ஏலாது. பாங்க் கார்டைத் தட்டும்போது கேட்டுக்குப் போவது கார்டை அடையாளம் காட்டுகிற எண்தான். உங்கள் வயசோ ரெயில்கார்டோ அதில் இல்லை. ஒய்ஸ்டர் கார்டில் அந்தச் சலுகையைப் பதியலாம். ஸ்டேஷன் ஊழியரிடம் ரெயில்கார்டையும் ஒய்ஸ்டரையும் காட்டினால் டிக்கெட் மெஷினிலேயே செய்து தருவார். ரெயில்கார்டைப் புதுப்பிக்கும்போது இதையும் திரும்பச் செய்ய வேணும். சொகுசுக்காக ஃபோனைத் தட்டுகிற மாணவர் ஒவ்வொரு முறையும் முழுக் கட்டணம் கட்டுகிறார்.

டோக்கன் பற்றிச் சொன்னதும் இங்கே வேலை செய்யும்: ஒரே வங்கிக் கணக்கு என்றாலும் ஃபோனும் பிளாஸ்டிக் கார்டும் இந்தச் சிஸ்டத்துக்கு இரண்டு வேறு ஆட்கள். ஒன்றால் தட்டி உள்ளே போய் மற்றதால் வெளியே வந்தால், முடியாத பயணம் இரண்டு என்று எடுத்து இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் எடுக்கும்.

கடைசியாக ஹீத்ரோ. அங்கிருந்து சோன் 1க்கு டியூபில் வந்தால் 2022 செப்டம்பர் முதல் எந்த நேரமும் பீக் கட்டணம்தான். மாமியை ஞாயிறு இரவு கூட்டிக்கொண்டு வந்தாலும் அதேதான்.