உங்களுக்குத் தெரியுமா? வாகன வயர்லெஸ்ஸும் தீராத கரகரப்பும்

அட்டனிலிருந்து நோர்வூட் பக்கம் இறங்கும் வண்டியில் வயர்லெஸ் கரகரத்தால் எல்லோரும் முதலில் சந்தேகிப்பது செட்டைத்தான். பெரும்பாலும் செட்டில் ஒரு குறையும் இருக்காது. செட்டை ஓடவிட்டபடியே எஞ்சினை மட்டும் நிறுத்திப் பாருங்கள். சத்தமும் கூடவே நின்றால் கோளாறு வண்டியில். நிற்காவிட்டால் பெரும்பாலும் வெளியில். செட்டைக் கழற்றி டவுனுக்குக் கொண்டுபோகும் முன் இந்த அரை நிமிடச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

ஒவ்வொரு கோளாறுக்கும் தனிக் குரல் உண்டு. அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ‘டிக் டிக் டிக்’ என்று வேகமெடுத்தால் ஸ்பார்க் பிளக். ‘ஙொய்’ என்று சுருதி ஏறினால் அல்டர்னேட்டர். குழியில் இறங்கும்போது மட்டும் ‘கர்ரக்’ என்றால் எங்கோ ஓர் ஏர்த் தளர்ந்திருக்கிறது. எஞ்சின் ஓடினாலும் நின்றாலும் ஒரே சீராக ‘உஸ்ஸ்’ என்றால், பெரும்பாலும் எதிர்முனையின் அலை மலையைத் தாண்டி வந்து சேரவில்லை.

மார்க்கோனி 1901-இல் அத்லாந்திக் கடலுக்கு அப்பால் சமிக்ஞை அனுப்பியது தீப்பொறியால்தான். பெற்றோல் வண்டியின் பிளக்கில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் பாயும்போதும் அதே தீப்பொறிதான் பறக்கிறது. ஆகவே ஒவ்வொரு பிளக்கும் தன்னையறியாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது! அதை அடக்க உள்ளே சுமார் 5,000 ஓம் தடை வைத்த பிளக்குகள் வருகின்றன. என்.ஜி.கே. பிளக்கின் குறியீட்டில் ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால் அது அந்த வகை. மாற்றும்போது விலை குறைந்தது என்று ‘ஆர்’ இல்லாததைப் போட்டுவிடாதீர்கள்.

தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி டீசல் வண்டி. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறியே கிடையாது. அதில் பிளக் சத்தத்தைத் தேடுவது வீண்வேலை. அல்டர்னேட்டரையும் வைப்பர் மோட்டரையும் பாருங்கள். அல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோட்களில் ஒன்று போனாலும் பெட்டரி ஏதோ சார்ஜ் ஆகிக்கொண்டே இருக்கும், ஓட்டுநருக்கு ஒன்றும் தெரியாது. வண்டி மலைப்பாதையில் நின்றுபோவதற்குப் பல நாட்களுக்கு முன்பே செட்டின் ‘ஙொய்’ அதைச் சொல்லிவிடும்.

செட்டுக்கான கரண்டை சிகரெட் லைட்டர் துளையிலிருந்து எடுக்காதீர்கள். வைப்பர், விசிறி, சிக்னல் விளக்கு என்று அந்த வயரில் ஓடும் எல்லாச் சத்தமும் செட்டுக்குள் வரும். பெட்டரியின் இரண்டு முனைகளிலிருந்தும் தனித்தனியாகத் தடித்த வயர் இழுத்து, பெட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் போடுங்கள். பாதிக் கரகரப்பு அங்கேயே தீர்ந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வட்டவளை, இலங்கையில் அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்று. அங்கே ஓடிய ஒரு ஜீப்பின் செட் வெயிலில் பேசும், மழையில் ஊமையாகும். அன்டெனா கேபிளின் நுனியைக் கத்தியால் சீவினேன். கறுப்பு உறைக்குள் பின்னிக் கிடக்கும் செப்புக் கம்பிகள் செம்பு நிறத்தில் மின்ன வேண்டும். இதிலோ பாசி பிடித்ததுபோல் பச்சை. இரண்டு விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. இன்னும் ஒரு சாண் வெட்டினேன், அங்கும் பச்சை. திரி எண்ணெய் உறிஞ்சுவதுபோல் அந்தப் பின்னல் தண்ணீரை உள்ளே இழுத்திருந்தது. கேபிளை முழுதாக மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. புதிய கேபிளை, கூரையிலிருந்து இறங்கும் இடத்தில் ‘U’ வடிவில் ஒரு வளைவு விட்டுக் கட்டினால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே நுழையாது.

அன்டெனாவுக்கு நல்ல இடம் உலோகக் கூரையின் நடு. 150 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 2 மீற்றர். அதில் கால்பங்கான 50 சென்ரிமீற்றர் கம்பி போதும். ஆனால் அதற்கடியில் தகடு வேண்டும். லொறியின் பலகைப் பெட்டியில் பொருத்திவிட்டு ‘எடுக்கவில்லை’ என்று செட்டைக் குறை சொல்வது நியாயமில்லை.

பொனட்டும் சைலன்சர் குழாயும் வண்டியின் பொடியோடு மின்தொடர்பில்லாமல் நின்றால், அவையே அன்டெனாபோல் எஞ்சின் சத்தத்தை வெளியே வீசும். பின்னல் பட்டி ஒன்றால் பொடியோடு இணைத்துவிடுங்கள். இணைக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, முடுக்கியபின் கிரீஸ் பூசுங்கள். நுவரெலியாப் பனியில் சுரண்டிய இரும்பு வெகுநாள் தாங்காது.

புதுத் தொல்லை: ஃபோன் சார்ஜரும் மலிவான எல்.ஈ.டி. விளக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கேளுங்கள்.

எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் பண்பலைக்குக் காப்புரிமை பெற்றது 1933-இல். மின்னலும் தீப்பொறியும் அலையின் உயரத்தைத்தான் அதிகம் குலைக்கின்றன. பேச்சை அலையின் அதிர்வெண்ணில் ஏற்றிவிட்டால், குலைந்த உயரத்தை வெட்டி எறிந்துவிடலாம். 1940-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலப் பொலிஸ் வண்டிகள் இந்த முறைக்கு மாறின. இன்று மலைநாட்டில் ஓடும் வண்டிச் செட்களும் பெரும்பாலும் இதே முறைதான்.

லக்சபான நீர்மின் நிலையம் 1950-இல் இயங்கத் தொடங்கியது. அந்தப் பக்கத்து உயரழுத்தக் கம்பிகளின் கீழ் மூடுபனியில் நின்றால் ‘உஸ்ஸ்’ என்று காதாலேயே கேட்கலாம். மீடியம் வேவ் ரேடியோவை அது பாடாய்ப்படுத்தும், பண்பலைச் செட்டை அதிகம் தொடாது. வெயில் நாளில் ஒரே கம்பத்தடியில் மட்டும் செட் கரகரத்தால், அங்கே பீங்கானோ கிளிப்போ தளர்ந்து பொறி பறக்கிறது என்று சந்தேகிக்கலாம். கம்பத்தின் எண்ணைக் குறித்து மின்சார அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், நீங்கள் ஏறித் தொடாதீர்கள்.

கரகரப்பைத் துரத்தப்போய் விண்வெளியைக் கேட்டவர் கார்ல் ஜான்ஸ்கி. கடல்கடந்த தொலைபேசிக்கு இடைஞ்சலான இரைச்சலை ஆராய்ந்தவர், அதில் ஒரு பங்கு பால்வீதியிலிருந்து வருகிறது என்று 1933-இல் அறிவித்தார். வானொலி வானியல் அங்கிருந்துதான் தொடங்கியது.

சத்தம் பொறுக்காமல் ஸ்குவெல்ச் குமிழியை முழுக்கத் திருகிவிடுகிறோம். கரகரப்பு அடங்கும். தோட்டத்தின் தூரத்து டிவிஷனிலிருந்து மெலிதாக வரும் குரலும் அடங்கும். மண்சரிவு நாளில் ஃபோன் கோபுரம் படுத்துவிட்டால் நமக்கு வேண்டியது அந்த மெலிந்த குரல்தான். இரைச்சல் நின்ற அந்த மட்டோடு குமிழியை விட்டுவிடுங்கள்.

பள்ளத்தில் பேச்சு அறுந்தால் உடனே மேட்டுக்கு ஓட வேண்டாம். மலைகளில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் புள்ளிகள், 150 மெகாஹெர்ட்ஸில் சுமார் ஒரு மீற்றர் இடைவெளியில் வரும். பிரேக்கை விட்டு வண்டியை அரை மீற்றர் உருட்டி, மறுபடி கூப்பிட்டுப் பாருங்கள்.