நடு ராத்திரியில் நாய்க்குத் திறக்கும் கதவு... பனி தேசத்துச் சுவரில் ஒரு குட்டி வாசல்!

நள்ளிரவு 2 மணி. வெளியே மைனஸ் 20 டிகிரி குளிர். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று முனகுகிறது வயதான நாய். அதற்கு அவசரம். போர்வையை விலக்கி, கோட்டை மாட்டி, ஷூவைத் தேடிப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தால், முகத்தில் அறைகிறது பனிக்காற்று.

அமெரிக்காவின் மின்னசோட்டா போன்ற வட மாநிலங்களில் நாய் வளர்ப்பவர்களுக்குக் குளிர்காலம் முழுக்க இதே கதைதான். நாய்க்கு வயது கூடக் கூட, இரவில் வெளியே போக வேண்டிய அவசரமும் கூடும். வளர்ப்பவருக்கும் வயதாகிவிட்டால், பனி உறைந்து வழுக்கும் படியில் இறங்குவதே ஆபத்து. அதனால்தான் நாய்க்கென்று தனியாக ஒரு குட்டிக் கதவு வைக்கிறார்கள்.

கதவிலா, சுவரிலா?

வாசல் கதவிலேயே ஓட்டை போட்டு இதைப் பொருத்தலாம். ஆனால், கதவின் கனம் 2 அங்குலம்கூட இருக்காது. அதில் இரண்டு மடல்களுக்கு இடையே போதிய இடைவெளி விட முடியாது. சுவர் அப்படியல்ல. உள்பக்கம் ஒரு மடல், வெளிப்பக்கம் ஒரு மடல், நடுவே சில அங்குல இடைவெளி. அங்கே அடைபட்டிருக்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கும்.

மடலைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. மெல்லிய பிளாஸ்டிக் மடல் கடுங்குளிரில் விறைத்து, சரியாக மூடாமல் போகலாம். மடலைப் பிடித்து நிறுத்தும் காந்தம் வலுவாக இருந்தால் காற்று புகாது. அளவுக்கு மீறி வலுவாக இருந்தால், வயதான நாயால் தள்ளித் திறக்க முடியாது.

சுவருக்குள் என்ன இருக்கிறது?

அங்கே பெரும்பாலான வீடுகள் மரச்சட்டங்களால் ஆனவை. வெளியே பலகை, உள்ளே ஜிப்சம் அட்டை, நடுவே 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் சட்டங்கள், அவற்றுக்கிடையே கண்ணாடி இழைப் பஞ்சு. இரண்டு சட்டங்களுக்கு நடுவில் கிடைக்கும் இடம் பதினாலரை அங்குலம். சின்ன நாய், நடுத்தர நாய் என்றால் இதற்குள்ளேயே கதவு அடங்கிவிடும். பெரிய நாய்க்குச் சட்டத்தை வெட்ட வேண்டியிருக்கும். அந்தச் சட்டம் கூரையின் பாரத்தைத் தாங்குவதாக இருக்கலாம். வெட்டினால், மேலே குறுக்குச்சட்டம் வைத்துப் பாரத்தைப் பக்கவாட்டுக்கு மாற்றியே ஆக வேண்டும். இதைத் தச்சரிடம் விட்டுவிடுவது நல்லது. உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதியும் தேவைப்படலாம்.

இன்னொரு சிக்கல், மின்கம்பி. சுவிட்ச் போர்டில் இருந்து பிளக் பாயின்ட்டுக்குப் போகும் கம்பிகள், தரையில் இருந்து ஓரிரு அடி உயரத்தில்தான் ஓடும். நாய்க் கதவும் அதே உயரத்தில்தான் வரும். அதனால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, முதலில் உள்பக்க அட்டையை மட்டும் சின்னதாக வெட்டிப் பார்ப்பார்கள். கம்பியோ, குழாயோ இல்லை என்று உறுதியான பிறகுதான் வெளிப்பலகையில் ரம்பம் வைப்பார்கள். 1978க்கு முன் கட்டிய வீடு என்றால், பெயின்ட்டில் ஈயம் இருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும்.

எவ்வளவு உயரம்?

நாயின் உடம்பில் அகலமான இடத்தை அளந்து, 2 அங்குலம் கூட்டினால் கதவின் அகலம் கிடைக்கும். கதவின் மேல் விளிம்பு, நாயின் தோள்பட்டையைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும். கீழ் விளிம்பில்தான் இழுபறி. மூட்டுவலி உள்ள நாய்க்கு அது தாழ்வாக இருக்க வேண்டும். வெளியே குவியும் பனிக்கோ, உயரமாக இருந்தால்தான் நல்லது. வெளியே சாய்வுப் பலகையும், மேலே சின்னக் கூரையும் போட்டால் இரண்டையும் சமாளிக்கலாம். பனிக்காற்று பெரும்பாலும் வடமேற்கில் இருந்து வீசுவதால், கிழக்கு அல்லது தெற்குச் சுவர் உத்தமம்.

நீர்தான் எதிரி

குளிரைவிடப் பெரிய எதிரி ஈரம். நாயின் காலோடு வரும் பனி, கதவின் அடியில் உருகும். அந்த நீர் சுவருக்குள் இறங்கினால், சட்டம் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். வெளியே தெரியும்போது செலவு பெரிதாகியிருக்கும்.

அதனால் துளையின் அடிப்பாகத்தை வெளிப்பக்கமாகச் சற்றே சரித்து அமைக்க வேண்டும். நீர்த்தடுப்பு டேப்பை முதலில் அடியில், பிறகு பக்கங்களில், கடைசியாக மேலே ஒட்ட வேண்டும். ஓடு வேய்வது போல, மேலே இருப்பது கீழே இருப்பதன் மீது படிய வேண்டும். வெளிச்சட்டத்தைச் சுற்றி சீலன்ட் பூசும்போது, அடி விளிம்பை மட்டும் விட்டுவிடுவார்கள். தப்பித்தவறி உள்ளே போன நீர் வெளியேற அதுதான் வழி.

வீட்டுக்குள் இருக்கும் கதகதப்பான காற்றிலும் ஈரம் உண்டு. அது இடுக்கு வழியாகச் சுவருக்குள் போனால், குளிர்ந்து நீராகி பூஞ்சை பிடிக்கும். ஆகவே, சட்டத்தைச் சுற்றியுள்ள இடைவெளியை ஃபோம் போட்டு அடைத்து, உள்பக்கத்தில் வெட்டிய பாலிதீன் தாளையும் டேப் போட்டு ஒட்ட வேண்டும். ஃபோம், ஜன்னல்களுக்கென்றே விற்கும் குறைவாக உப்பும் வகையாக இருக்கட்டும். மற்றவை உப்பி, சட்டத்தையே வளைத்துவிடும்.

பழக்குவது எப்படி?

முதல் சில நாட்கள் மடலைத் தூக்கிக் கட்டிவிட்டு, அந்தப் பக்கம் பிஸ்கட்டோடு நின்று கூப்பிட்டால் போதும். பயம் தெளிந்ததும் மடலைப் பாதி இறக்கி, பிறகு முழுதாக விடலாம். பிடித்துத் தள்ளினால், நாய் அந்தப் பக்கமே போகாது.

பெரிய கதவு வழியாகத் தவழும் குழந்தையும் வெளியே போய்விடும், ரக்கூன் உள்ளே வந்துவிடும், திருடனும் வரலாம். வீட்டில் யாரும் இல்லாதபோது பூட்டுத் தகட்டைப் போட வேண்டும். நாயின் மைக்ரோசிப்பை அறிந்து திறக்கும் கதவுகளும் உண்டு. வெளியே வேலியும் அவசியம்.

இத்தனையும் சரியாக அமைந்துவிட்டால், நள்ளிரவு 2 மணிக்கு மடல் ஆடும் சத்தம் ஒருமுறை கேட்கும். சற்று நேரத்தில் இன்னொரு முறை. நாய் திரும்ப வந்து கட்டிலடியில் சுருண்டுகொள்ளும். படியிறங்க வேண்டிய கவலை இல்லாமல், பெரியவரும் புரண்டு படுத்துக்கொள்ளலாம்.