காட் கேட்டவருக்குக் கெளுத்தி: பிரிட்டனின் மீன் கடைகளில் நடக்கும் பெயர் மாற்றம்

காட் மீனை நம்மவர்களில் பலர் கண்ணால் கண்டதில்லை. அதன் ஈரலிலிருந்து எடுக்கும் எண்ணெயை மட்டும் சிறு வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்திருப்பார்கள். வட அட்லாண்டிக் கடலின் குளிர்ந்த நீரில் வாழும் இந்த மீனின் சதைதான் பிரிட்டனில் ஊருக்கு ஊர் காணப்படும் மீன்-சிப்ஸ் கடைகளுக்கு ஆதாரம். முள் நீக்கிய சதைத் துண்டை மைதா மாவுக் கரைசலில் தோய்த்து, கொதிக்கும் எண்ணெயிலோ மாட்டுக் கொழுப்பிலோ பொரித்து, தடிமனாக நறுக்கிய உருளைக்கிழங்கு வறுவலுடன் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்கள். வாங்கியவர் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று சாப்பிடுவார். தென் இங்கிலாந்தில் காட் மீனுக்கும், யார்க்‌ஷயர், ஸ்காட்லாந்து பகுதிகளில் அதன் உறவினமான ஹாடக் மீனுக்கும் மதிப்பு அதிகம்.

அண்மைக் காலமாக இந்தக் கடைகளில் சிலவற்றில் காட் என்றும் ஹாடக் என்றும் பெயர் சொல்லி, விலை குறைந்த வேறு மீன்கள் விற்கப்படுவது சோதனைகளில் தெரிய வந்துள்ளது. நம் மீன் வளர்ப்போருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டிய காரணம் உண்டு. காட் மீனின் இடத்தில் வந்து உட்காரும் மீன்களுள் ஒன்று, ஆந்திரக் குளங்களில் பெருமளவில் வளர்க்கப்படும் அதே பங்காசியஸ் ஆகும்.

ஏழையின் உணவு

முதல் மீன்-சிப்ஸ் கடை லண்டனில் தோன்றியதா, லங்காஷயரில் தோன்றியதா என்பதில் இன்றும் வழக்கு தீரவில்லை. 1860களில் தோன்றியது என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒத்துப்போகின்றன. அதன் பின் நீராவியால் இயங்கும் இழுவலைக் கப்பல்கள் வந்தன. ஹல், கிரிம்ஸ்பி துறைமுகங்களில் இறங்கிய மீன், பனிக்கட்டியில் வைக்கப்பட்டு, ரயில் மூலம் மறுநாளே உள்நாட்டு ஆலை நகரங்களை அடைந்தது. பஞ்சாலைத் தொழிலாளியும் சுரங்கத் தொழிலாளியும் வாங்கக்கூடிய விலையில் சூடான உணவு கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை எல்லாம் பங்கீட்டில் வந்தபோதும், மீன்-சிப்ஸுக்குப் பங்கீடு வைக்க அரசு துணியவில்லை.

மீன் மலிவாக இருந்தவரைதான் இந்த ஏற்பாடு நடக்கும். மலிவாக இருந்ததற்குக் காரணம், பிரிட்டிஷ் கப்பல்கள் ஐஸ்லாந்துக் கரை வரை சென்று பிடித்து வந்ததுதான். ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லையை 1958இல் 12 கடல் மைலாகவும், 1972இல் 50 ஆகவும், 1975இல் 200 ஆகவும் நீட்டித்தது. ஒவ்வொரு முறையும் தகராறு மூண்டது. ஐஸ்லாந்தின் காவல் படகுகள் பிரிட்டிஷ் கப்பல்களின் வலைக் கம்பிகளை அறுத்துவிட்டன. 'காட் போர்' என்று பெயர் பெற்ற இந்தச் சச்சரவு 1976இல் ஐஸ்லாந்துக்குச் சாதகமாக முடிந்தது. ஹல், கிரிம்ஸ்பி துறைமுகங்கள் ஓய்ந்தன. அன்று முதல், தன் தேசிய உணவுக்கான மீனைப் பிரிட்டன் பெரும்பாலும் நார்வே, ஐஸ்லாந்து, ரஷியா போன்ற நாடுகளிடமிருந்து விலைக்கு வாங்கி வருகிறது.

கடலிலும் காட் குறைந்தது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் காட் கூட்டமே அழியும் நிலைக்கு வந்து, 1992இல் பிடிப்பு முழுவதும் தடை செய்யப்பட்டது. ஏறத்தாழ 30,000 பேர் வேலையிழந்தனர். இன்று உலகின் மிகப் பெரிய காட் வளம் நார்வேக்கும் ரஷியாவுக்கும் வடக்கேயுள்ள பேரண்ட்ஸ் கடலில் இருக்கிறது. அங்கும் 2021இல் 8,85,600 டன்னாக இருந்த பிடிப்பு வரம்பை, மீன் குறைந்து வருவதால் ஆண்டுதோறும் வெட்டி, 2025இல் 3,40,000 டன்னுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். இதற்கிடையே 2022இல் உக்ரைன் போர் மூண்டது. பொரிக்கும் சூரியகாந்தி எண்ணெயின் விலை ஏறியது. ரஷிய மீனுக்குப் பிரிட்டன் 35 சதவிகிதம் கூடுதல் வரி விதித்தது. மூன்றில் ஒரு பங்கு கடைகள் மூடப்படலாம் என்று அந்த ஆண்டு கடைக்காரர்களின் சங்கம் எச்சரித்தது.

இத்தகைய நெருக்கடியில் கடைக்காரருக்கு மூன்று வழிகளே உண்டு: விலையை உயர்த்தலாம்; வேறு மீனை அதன் பெயரைச் சொல்லியே விற்கலாம்; வேறு மீனைக் காட் என்று சொல்லி விற்கலாம். பெரும்பாலான கடைக்காரர்கள் முதல் இரண்டு வழிகளோடு நின்றுவிடுகிறார்கள். மூன்றாம் வழியில் செல்பவர் சிலரே. ஆனால் அந்தச் சிலர் பக்கத்துக் கடைக்காரரை என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

தோல் போனால் அடையாளம் போகும்

முழு மீனாக இருந்தால் ஏமாற்றுவது கடினம். காட் மீனுக்குத் தாடையின் கீழ் ஒற்றை மீசை இருக்கும். விலாவில் வெளிறிய கோடு ஓடும். ஹாடக் மீனுக்கு அந்தக் கோடு கறுப்பு. செவுளுக்குப் பின்னே, தோள் பகுதியில், கட்டைவிரலால் மை வைத்ததுபோல் ஒரு கரும்புள்ளியும் உண்டு. தலையை வெட்டி, தோலை உரித்து, மாவில் தோய்த்தபின் இந்த அடையாளங்கள் யாவும் மறைந்துவிடும். வெள்ளைச் சதை எல்லாம் ஒன்றுபோல் தோன்றும். நம் கடைத்தெருவில் வஞ்சிரத்தைத் தலையும் தோலுமாகப் பார்த்து, செவுளைத் தூக்கி நிறம் பார்த்து வாங்குபவருக்கு உள்ள பாதுகாப்பு, பொரித்த துண்டை வாங்குபவருக்கு இல்லை.

தவறு எப்போதும் கடையில்தான் நடக்கிறது என்றும் சொல்ல முடியாது. கப்பலிலேயே துண்டு போட்டு உறைய வைத்த மீனும் கடைகளுக்கு வருகிறது. தலை நீக்கி உறைய வைத்த மீன் சீனாவுக்குச் சென்று, அங்கு உருக்கித் துண்டு போடப்பட்டு, மீண்டும் உறைய வைத்து ஐரோப்பாவுக்குத் திரும்புவதும் உண்டு. இத்தனை கை மாறும்போது எந்தக் கையில் பெயர் மாறியது என்று கண்டுபிடிப்பது எளிதன்று. கடைக்காரரே ஏமாந்தவராகவும் இருக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாததை மரபணு காட்டிக் கொடுக்கிறது. ஒவ்வொரு விலங்கின் உயிரணுவிலும் உள்ள ஒரு குறிப்பிட்ட மரபணுவில், சுமார் 650 எழுத்துக்கள் கொண்ட ஒரு பகுதி இனத்துக்கு இனம் வேறுபடும். கடைச் சரக்கின் மேலுள்ள கோட்டுக் குறியீட்டைப்போல் இதைப் படித்து இனத்தைக் கூறலாம் என்ற முறையைக் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட் குழுவினர் 2003இல் முன்வைத்தனர். எண்ணெயில் பொரிக்கும்போது மரபணு இழை துண்டு துண்டாக உடையுமே தவிர, முற்றிலும் அழிவதில்லை. சிறிய துண்டுகளே சோதனைக்குப் போதும்.

அயர்லாந்தின் டப்ளின் நகரில் காட், ஹாடக் என்று விற்கப்பட்ட 156 பொருள்களை இம்முறையில் சோதித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், நாலில் ஒன்று வேறு மீன் என்று தெரிந்தது. புகையூட்டிய மீனில் இந்த அளவு 80 சதவிகிதத்துக்கும் மேல். 2014இல் பிரிட்டனின் நுகர்வோர் அமைப்பான 'விச்', பர்மிங்காம், மான்செஸ்டர், கிளாஸ்கோ ஆகிய மூன்று நகரங்களின் மீன்-சிப்ஸ் கடைகளில் 45 மாதிரிகளை வாங்கிச் சோதித்தது. 7 மாதிரிகள் சொன்ன மீனாக இல்லை. ஹாடக் கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் மலிவான வைட்டிங் மீன் கொடுக்கப்பட்டிருந்தது.

மறுபக்கத்தையும் சொல்வதே நியாயம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் 1,563 மாதிரிகளைச் சோதித்து 2015இல் வெளியான ஆய்வில், பெயர் தவறானவை 5 சதவிகிதத்துக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தன. அவை பெரும்பாலும் சில்லறைக் கடைச் சரக்கு. சோதனையும் செய்தித்தாள் விளம்பரமும் சேர்ந்து அங்காடிகளைத் திருத்தியிருக்கின்றன. சீட்டு இல்லாமல் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும் கடைகளில்தான் சந்தேகத்துக்கு இன்னும் இடமிருக்கிறது. 1990ஆம் ஆண்டு பிரிட்டிஷ் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்குபவர் கேட்ட தன்மையோ தரமோ இல்லாத உணவை விற்பது குற்றம். பலகையில் 'காட்' என்று எழுதினால் அது காட் ஆகவே இருக்க வேண்டும்.

சட்டம் அனுமதிக்கும் மயக்கமும் உண்டு. லண்டன் பக்கத்துக் கடைகளில் 'ராக் சால்மன்' என்றொரு பண்டம் நெடுங்காலமாக விற்கப்படுகிறது. அதற்கும் சால்மன் மீனுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. அது ஒரு சிறு சுறா. இப்படிப் பொதுப் பெயர்களில் கடைகளில் விற்ற சுறாத் துண்டுகளை எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் சோதித்து 2019இல் வெளியிட்ட முடிவின்படி, ஏறத்தாழ 90 சதவிகிதம் அழியும் ஆபத்திலுள்ள முள் சுறா இனமாகும். சாப்பிட்டவர்களில் எத்தனை பேருக்குத் தாம் சுறா தின்கிறோம் என்று தெரிந்திருக்கும்? நம் ஊரில் பால் சுறாவைச் சுறா என்றே சொல்லி வாங்கிப் புட்டு செய்கிறோம். பெயரைக் கேட்டு யாரும் பயந்து ஓடவில்லை.

கெளுத்தியின் குற்றம் என்ன?

மாற்று மீன்களில் நாம் கவனிக்க வேண்டியது பங்காசியஸ். வியட்நாமின் மேக்காங் ஆற்று முகத்துவாரத்தைச் சேர்ந்த கெளுத்தி இனம் இது. நீரில் பிராணவாயு குறைந்தாலும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். அதனால் நெருக்கமாக இருப்பு வைக்கலாம். 1990களின் நடுவில் சினைப்படுத்தும் முறை கைவந்தபின், மேக்காங் பகுதியின் 4 மீட்டர் வரை ஆழமுள்ள குளங்களில் எக்டேருக்கு 200 டன்னுக்கு மேல் அறுவடை எடுத்தார்கள். வியட்நாமின் உற்பத்தி ஆண்டுக்கு 10 லட்சம் டன்னைத் தாண்டி நிலைத்துவிட்டது. வெள்ளைச் சதை, முள் இல்லை, மீன் வாடை குறைவு. விலையோ காட் மீனின் விலையில் பெரும்பாலும் பாதிக்கும் கீழே. ஏமாற்ற நினைப்பவருக்கு இதைவிட வசதியான மீன் கிடைக்காது.

சாப்பிடும்போது கவனித்தால் வேறுபாடு தெரியும். காட் சதை முட்கரண்டி பட்டவுடன் பெரிய பெரிய ஏடுகளாகப் பிரியும். பங்காசியஸ் சதை அப்படிப் பிரியாது. மென்மையாக, ஈரமாக, ஒரே பிண்டமாக இருக்கும். எடை கூட்டுவதற்காகப் பாஸ்பேட் உப்புக் கரைசலில் ஊற வைத்து நீர் ஏற்றிய துண்டுகளில் புரதமும் அந்த அளவுக்குக் குறையும். ஆனால் முறையாக வளர்த்து, நீர் ஏற்றாமல் விற்ற பங்காசியஸ் நல்ல உணவே. குறைந்த வருமானமுள்ள குடும்பத்துக்கு மலிவான புரதம். குற்றம் மீனுடையதன்று, அதன் மேல் ஒட்டிய பெயருடையது.

இந்த மீன் தன் பெயரில் நிற்க முடியாமல் தவித்த கதை பழையது. அமெரிக்காவில் கெளுத்தி என்ற பெயரை உள்நாட்டு இனங்களுக்கு மட்டும் ஒதுக்கி 2002இல் சட்டம் வந்தது. அதன் பின் டிரா, பாசா என்ற வியட்நாமியப் பெயர்களில் சந்தைக்குப் போனது. அதிலும் உண்மையான பாசா வேறொரு பங்காசியஸ் இனம். இன்று உலகெங்கும் பாசா என்று விற்பதில் பெரும்பகுதி டிராதான். பிரிட்டனில் 'ரிவர் காப்ளர்' என்றும் ஒரு பெயர் உண்டு.

காட் பெயரில் பங்காசியஸ் விற்கும்போது மூன்று பேர் நஷ்டப்படுகிறார்கள். அதிக விலை கொடுத்த வாடிக்கையாளர் ஒருவர். உண்மையான காட் வாங்கி, அதற்கேற்ற விலை வைத்து, வாடிக்கையை இழக்கும் பக்கத்துக் கடைக்காரர் இரண்டாமவர். மூன்றாமவர் மேக்காங் கரையில் மீன் வளர்ப்பவர். அவருடைய மீன் நன்றாக இருந்தால் புகழ் காட் மீனுக்குப் போகிறது. சோதனையில் அகப்பட்டால் பழி மட்டும் அவர் மீனுக்கு வருகிறது. கடலுக்கும் கேடுதான். காட் குறைந்தது கடையில் தெரியாவிட்டால், வாங்குபவர் காட் கிடைத்துக்கொண்டே இருப்பதாக நம்பி, அதையே கேட்டுக்கொண்டிருப்பார். போலாக், ஹேக், கோலி என்று பெயரைப் பலகையில் எழுதி, பிடித்த படகின் பெயரையும் சேர்த்து எழுதும் கடைகளும் பிரிட்டனில் உண்டு. அவற்றின் வாடிக்கையாளர்கள் புதிய மீனை அதன் பெயர் சொல்லிக் கேட்கப் பழகுகிறார்கள். காட் மீனின் மேலுள்ள பாரம் குறைய இதுவே வழி.

பங்காசியஸ் 1990களின் நடுவில் வங்கதேசம் வழியாக மேற்கு வங்கத்துக்கு வந்து, பின் ஆந்திராவில் பரவியது. முழு மீனாக விற்கும் வரை பெயர் மாறும் அபாயம் குறைவு. முள் நீக்கிய துண்டாக ஓட்டல்களுக்கும் உறைமீன் நிறுவனங்களுக்கும் கொடுக்கும்போதுதான் அபாயம் தொடங்குகிறது. சுமார் 3 கிலோ மீனிலிருந்து 1 கிலோ துண்டுதான் கிடைக்கும் என்பதை விலை பேசும்போது வளர்ப்போர் நினைவில் கொள்ள வேண்டும். மீனின் இனம், வளர்த்த குளம், அறுவடை நாள் ஆகியவற்றை விற்பனைச் சீட்டில் எழுதி, ஒரு படியைத் தம்மிடம் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் அந்தத் துண்டு வேறு பெயரில் எங்கேனும் அகப்பட்டால், தம் குளத்திலிருந்து எந்தப் பெயரில் வெளியேறியது என்று காட்ட அந்தச் சீட்டு உதவும்.