முடியளவு இடைவெளியில் சுழலும் கிராங்க்

சேலம்–கொச்சி தேசிய நெடுஞ்சாலை பவானியை உரசிக்கொண்டு போகிறது. சங்ககிரி, நாமக்கல் லாரிகளும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் இரவு பகலாக ஓடும் தடம். "ஆயில் பிரஷர் காட்டலீங்க, அடியில டொக்கு டொக்குனு சத்தம் வருதுங்கண்ணா" என்று ஓட்டுநர் சொன்னால், வண்டிக்காரருக்குப் பெரிய செலவு காத்திருக்கிறது. அநேகமாக கிராங்க் ஷாஃப்ட்டைக் கழற்றியாக வேண்டும்.

பிஸ்டன் மேலும் கீழும்தான் போய்வரும். அதைச் சுழற்சியாக மாற்றிச் சக்கரம் வரை அனுப்புவது கிராங்க். 10 செ.மீ. விட்டமுள்ள பிஸ்டனின் தலைப்பரப்பு சுமார் 78 சதுர செ.மீ. எரியும் டீசல் சதுர செ.மீ.க்கு 100 கிலோ அழுத்தம் கொடுத்தால், ஒரு வெடிப்புக்கு ஏறக்குறைய எட்டு டன் அடி விழும். ஆறு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது இப்படி 6,000 அடி.

இவ்வளவையும் வாங்கிக்கொண்டு ஓடும் கிராங்க், பேரிங்கைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே தலைமுடிப் பருமனில், 0.05 முதல் 0.1 மி.மீ. வரை இடைவெளி விட்டிருப்பார்கள். அதில் பாயும் ஆயில்தான் கிராங்கைத் தாங்குகிறது. ஆயில் குறைந்தாலோ, நீர்த்துப்போனாலோ, அழுக்கேறினாலோ உலோகம் உலோகத்தில் உரசி பேரிங் உருகும். கழற்றி மாட்டும் வேலை மொத்தமும் இந்த இடைவெளியை மீட்பதற்குத்தான்.

இன்ஜினை செயின் பிளாக்கில் இறக்கிக் கவிழ்த்து, ஆயில் சம்பையும் பம்பையும் எடுத்ததும் ஸ்பேனர் போடக்கூடாது; முதலில் அடையாளம். பிளாக்கையும், கிராங்கைப் பிடித்திருக்கும் மெயின் கேப்புகளையும் ஒன்றாகப் பூட்டித்தான் தொழிற்சாலையில் துளையிடுகிறார்கள். மூன்றாவது கேப்பை நான்காவதில் வைத்தாலும், திருப்பி வைத்தாலும் துளை வட்டமாக அமையாது. எண் இல்லாவிட்டால் பஞ்ச் வைத்துப் புள்ளி குத்திக்கொள்வார்கள். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கேப்புக்கும் இதே கணக்கு. ராடு போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தால் ரப்பர் டியூப் துண்டு மாட்டுவார்கள். மரை பட்டால் கிராங்கின் மெருகில் கீறல் விழும்.

வெளியே வந்த கிராங்க் லேத்துப் பட்டறைக்குப் போகும். மைக்ரோமீட்டரால், பேரிங்கில் உட்காரும் ஒவ்வொரு ஜர்னலையும் குறுக்கும் நெடுக்கும் அளப்பார்கள். இரு அளவும் ஒத்துப்போகாவிட்டால் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கிறது என்று பொருள். வளைவு இருக்கிறதா என்பதை டயல் கேஜ் காட்டிவிடும். தேய்ந்ததை 0.25, 0.50, 0.75 மி.மீ. என்று படிப்படியாக அரைத்து, அதற்கேற்ற தடித்த பேரிங் போடுவார்கள். அரைக்கும்போது ஜர்னலின் ஓர மூலை வளைவாகவே இருக்க வேண்டும். கூராகிவிட்டால் விரிசல் அங்கேதான் பிறக்கும். கிராங்குக்குள் ஓடும் ஆயில் துளைகளில் அரைத்த தூள் தங்கினால் புதுப் பேரிங் நாலு நாள்கூடத் தாங்காது. நீளமான பிரஷ் விட்டுக் கழுவி, காற்றடித்த பிறகே மாட்ட வேண்டும்.

மாட்டும்போது பேரிங்கின் முதுகு உலர்ந்திருக்க வேண்டும். உள்பக்கம் மட்டும் ஆயில். பேரிங் துளையும் பிளாக்கின் ஆயில் துளையும் நேர்படுகிறதா என்று பார்க்க வேண்டும். கேப்புகளை நடுவிலிருந்து இரு பக்கமாக, டார்க் ரெஞ்சால் இரண்டு மூன்று தவணையில் முறுக்குவது வழக்கம். ஒவ்வொரு கேப்பும் இறுகியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பார்ப்பார் மெக்கானிக். அதுவரை சுற்றியது இப்போது பிடித்தால், கடைசியாக முறுக்கிய இடத்தில்தான் கோளாறு. பிறகு முன்னும் பின்னும் நெம்பி, நீளவாட்டு ஆட்டத்தை டயல் கேஜில் பார்ப்பார். கிளச்சை மிதிக்கும் போதெல்லாம் கிராங்க் நீளவாட்டில் தள்ளப்படுகிறது. அதைத் தாங்குபவை திரஸ்ட் வாஷர்கள். இவற்றின் காடி வெட்டிய முகம் கிராங்கைப் பார்த்திருக்க வேண்டும்.

டீசலை அடைத்துவிட்டு, பிரஷர் முள் ஏறும்வரை வெறும் செல்ஃப் அடித்த பிறகே இன்ஜினை ஓடவிடுவார்கள்.

எத்தனை அளவு அரைத்தார்கள் என்பதை வண்டிக்காரர் பில்லில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. கடைசி அளவு வரை அரைத்துவிட்ட கிராங்குக்கு அடுத்த முறை லேத்து இல்லை. புதுசுதான் வாங்க வேண்டும்.