காஷ்மீர்–கன்னியாகுமரி மிதிவண்டிக் குழுப் பயணம்

காஷ்மீர்–கன்னியாகுமரி மிதிவண்டிக் குழுப் பயணம் என்பது இந்தியாவின் வடக்கே காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் தொடங்கித் தென்முனையான கன்னியாகுமரியில் முடிவடையும் நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணத்தைக் குறிக்கும். இது ஒரே அமைப்பு நடத்தும் ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சி அன்று. மிதிவண்டிக் கழகங்கள், நண்பர் குழுக்கள், பாதுகாப்புப் படையினர், விழிப்புணர்வு இயக்கத்தினர் எனப் பலரும் தனித்தனியே மேற்கொள்ளும் பயண வகை ஆகும். பெரும்பாலான குழுக்கள் ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பின்பற்றுகின்றன. தமிழ்நாட்டில் இச்சாலை கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி வழியாகச் செல்கிறது. இவற்றுள் சேலம்–நாமக்கல் சமவெளி, வெயில், பக்கக் காற்று, லாரிப் போக்குவரத்து ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த பகுதி என்பதால் பயணத் திட்டமிடலில் தனிக் கவனம் பெறுகிறது.

வரலாறு

மிதிவண்டியில் கூட்டாக ஊர் சுற்றும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் பரவியது. இங்கிலாந்தில் மிதிவண்டிச் சுற்றுலாவினருக்கான கழகம் 1878இல் நிறுவப்பட்டது. 1884 முதல் 1886 வரை உயர்ந்த முன்சக்கர மிதிவண்டியில் உலகைச் சுற்றிய தாமஸ் ஸ்டீவன்ஸ், லாகூரிலிருந்து கல்கத்தா வரை இந்தியப் பெருவழிச் சாலையில் பயணம் செய்தார்.

இந்தியர்களின் குழுப் பயணங்களுள் குறிப்பிடத்தக்கது 1923இல் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் தொடங்கிய உலகப் பயணம் ஆகும். அவர்களுள் ஆதி ஹக்கீம், ஜால் பாப்பாசோலா, ருஸ்தம் பம்காரா ஆகிய மூவர் மட்டுமே முழுச் சுற்றையும் முடித்து 1928இல் திரும்பினர். அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டு நாட்டின் இருநூறாம் ஆண்டு நிறைவையொட்டி, மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை சிறு சிறு குழுக்களாக ஆயிரக்கணக்கானோர் சென்றனர். பெருந்திரளைச் சிறு குழுக்களாகப் பிரித்து அனுப்பும் முறை இதன் வழியே பரவலாக அறியப்பட்டது.

தமிழ்நாட்டில் 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தின் பகுதியாக ஊரகப் பெண்கள் பெருந்தொகையாக மிதிவண்டி ஓட்டக் கற்றனர். அவர்கள் நடத்திய மிதிவண்டிப் பேரணிகள் நெடுந்தொலைவுப் பயணங்கள் அல்ல. எனினும், குழுவாகச் சாலையில் செல்வது துணிவையும் பாதுகாப்பையும் தரும் என்பதை அவை காட்டின. 2008 முதல் நடைபெற்றுவரும் நீலகிரிச் சுற்றுப்பயணம், உதவி வண்டிகளுடன் கூடிய பல நாள் குழுப் பயணத்துக்குத் தென்னிந்திய எடுத்துக்காட்டு ஆகும்.

வழித்தடம்

தேசிய நெடுஞ்சாலை 44 ஏறத்தாழ 3,700 கி.மீ. நீளமுடையது. ஜம்மு, லூதியானா, தில்லி, ஆக்ரா, குவாலியர், நாக்பூர், ஐதராபாத், கர்நூல், பெங்களூரு ஆகிய ஊர்கள் இதன் மீதோ அருகிலோ உள்ளன. 2010இல் தேசிய நெடுஞ்சாலைகளின் எண்கள் மாற்றப்படும் முன்னர் இதன் தென்பகுதி தேசிய நெடுஞ்சாலை 7 எனப்பட்டது. பழைய வரைபடங்களிலும் பயணக் குறிப்புகளிலும் அந்த எண்ணே காணப்படும்.

நாளொன்றுக்கு 100 கி.மீ. வீதம் சென்றால் சுமார் 37 நாட்களும், ஓய்வு நாட்களைச் சேர்த்தால் ஆறு வாரங்களும் ஆகும். பருவத்தைத் தேர்வது எளிதன்று. அக்டோபரில் புறப்படும் குழு காஷ்மீர்ப் பனிக்காலத்தைத் தவிர்க்கலாம். ஆனால் தமிழ்நாட்டை வடகிழக்குப் பருவமழையின்போது அடையும். டிசம்பரில் புறப்பட்டால் தெற்கே இதமான வானிலை கிடைக்கும். ஆனால் பஞ்சாப், அரியானா சமவெளிகளில் அடர்ந்த மூடுபனியைக் கடக்க வேண்டும். பிப்ரவரியில் புறப்படுவோர் மார்ச்–ஏப்ரல் வெயிலில் சேலத்தை அடைவர்.

சேலம்–நாமக்கல் பகுதி

நில அமைப்பு

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலம் சுமார் 280 மீட்டரிலும் கரூர் சுமார் 120 மீட்டரிலும் உள்ளன. ஆகவே தெற்கு நோக்கிச் செல்வோருக்கு இப்பகுதி மொத்தத்தில் இறக்கமே. இதில் செங்குத்தானது தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடைப்பட்ட தொப்பூர் கணவாய் ஆகும். அதன் பின் சாலை ஓமலூர் வழியாகச் சேலத்தை அடைந்து, மல்லூர், இராசிபுரத்தை அடுத்த ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம், நாமக்கல், பரமத்தி, வேலூர் ஆகிய ஊர்களின் வழியாகச் சென்று காவிரியைக் கடக்கிறது. வடக்கே சேர்வராயன் மலையும் கிழக்கே கொல்லிமலையும் இருந்தாலும், சேலத்துக்கும் காவிரிக்கும் இடையே சாலையில் கடினமான ஏற்றம் இல்லை.

தொப்பூர் இறக்கம்

தொப்பூரில் சேலம் நோக்கி இறங்கும் பாதை தொடர் விபத்துகளுக்குப் பெயர் பெற்றது. சரக்கு ஏற்றிய லாரி நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாது அழுத்தினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். அதனால் ஓட்டுநர்கள் தாழ்ந்த கியரில் மெதுவாக இறங்க வேண்டியுள்ளது. மிதிவண்டியோ மிதிக்காமலேயே மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் வேகம் கொள்ளும். இவ்வேறுபாட்டால், மெதுவாகச் செல்லும் லாரியை இடப்புறமாக முந்தும் எண்ணம் எழும். அந்த இடம் ஓட்டுநரின் பார்வைக்கு எட்டாத பகுதி ஆகையால் இது பெரும் ஆபத்தை விளைவிக்கும். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க ஏறத்தாழ நான்கு மடங்கு தொலைவு தேவைப்படும். எனவே இறக்கங்களில் குழுவினர் ஒருவருக்கொருவர் நீண்ட இடைவெளி விட்டு இறங்கிக் கீழே மீண்டும் ஒன்று சேர்கின்றனர்.

பக்கக் காற்று

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் மேற்குக் காற்று கொங்குச் சமவெளியைக் கடந்து செல்கிறது. சாலை வடக்குத் தெற்காக அமைந்திருப்பதால், தெற்கே செல்பவருக்கு இது வலப்புறத்திலிருந்து வீசும். அப்போது பின்தொடர்பவர் நேர் பின்னால் அல்லாமல், முன்செல்பவரின் இடப்பின்புறத்தில் சென்றால்தான் காற்றின் மறைவு கிடைக்கும். சாலையின் ஓரப் பகுதி குறுகலானது என்பதால் இவ்வாறு இருவர் அல்லது மூவருக்கு மேல் சாய்வரிசையில் செல்ல இயலாது. கடைசியில் வருபவர் முழுக் காற்றையும் தாங்க நேரிடும்.

லாரி கடந்து செல்லும் நொடி இதைவிட ஆபத்தானது. காற்றை எதிர்த்து வலப்புறம் சற்றே சாய்ந்து ஓட்டுபவருக்கு, லாரி வலப்புறம் வந்ததும் காற்று திடீரென நின்றுவிடும். அதனால் வண்டி லாரியை நோக்கி நகரும். லாரி கடந்தவுடன் காற்று மீண்டும் அடித்து இடப்புறம் தள்ளும். கைப்பிடியை இறுகப் பற்றாமல் உறுதியாகப் பிடிப்பதும், வெள்ளைக் கோட்டிலிருந்து தள்ளிச் செல்வதும் இதற்கான தற்காப்பு ஆகும்.

வெப்பம்

மார்ச் முதல் மே வரை சேலம், நாமக்கல், கரூர் மாவட்டங்களில் பகல் வெப்பநிலை சில நாட்களில் 40 பாகை செல்சியசை எட்டுகிறது. கரூர் மாவட்டத்துப் பரமத்தி, தமிழ்நாட்டின் மிக வெப்பமான இடங்களின் பட்டியலில் அடிக்கடி இடம்பெறுவது. வெயிலில் மிதிப்பவர் மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வையை இழக்கக்கூடும். வியர்வையுடன் உப்பும் வெளியேறுவதால், வெறும் நீரை மட்டும் மிகுதியாகக் குடிப்பது இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துத் தலைவலி, வாந்தி, மயக்கம் ஆகியவற்றை உண்டாக்கும். உப்பிட்ட மோர், கம்பங்கூழ் போன்ற சாலையோர உணவுகள் இவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்கின்றன. ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்த கரைசலையும் பயன்படுத்தலாம். பேச்சுக் குழறல், தடுமாற்றம், மனக்குழப்பம் ஆகியவை வெப்பத்தாக்கத்தின் அறிகுறிகள். அந்நிலையில் பயணத்தை நிறுத்தி, நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறிக் குளிர்வித்து, உடனே மருத்துவ உதவி பெற வேண்டும்.

வெயிலைத் தவிர்க்க விடியலுக்கு முன் புறப்படுவது வழக்கம். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் 100 கி.மீ. செல்ல ஐந்து மணி நேரமும் இடைநிறுத்தங்களும் ஆகும் என்பதால், நண்பகலுக்கு முன் முடிக்க ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும். ஆனால் இருளில் சாலையோரம் விளக்கின்றி நிறுத்தப்பட்ட லாரிகள் புதிய இடராகின்றன. இதனால் முன்விளக்கு, பின்விளக்கு, ஒளி எதிரொளிக்கும் மேலாடை ஆகியன கட்டாயமாகக் கருதப்படுகின்றன.

குழுவாகச் செல்லும் முறை

சமதளத்தில் மணிக்கு 25 கி.மீ.க்கு மேல் செல்பவரின் உழைப்பில் பெரும்பங்கு காற்றின் தடையை வெல்லவே செலவாகிறது. முன்செல்பவரை ஒட்டிப் பின்தொடர்பவருக்கு இவ்வுழைப்பு ஏறத்தாழ கால் பங்கு குறையும். முன்னிலை வகிப்பவர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறுவதால் களைப்பு பகிரப்படுகிறது. லாரியின் பின்னால் ஒட்டிச் சென்று இதே பயனைப் பெற முயல்வது உயிருக்கு ஆபத்தானது. லாரி ஏன் நிற்கிறது என்பதை முன்கூட்டியே காண வழியில்லை.

பெரிய குழுக்கள் ஆறு முதல் பத்துப் பேர் கொண்ட பிரிவுகளாகப் பிரிந்து செல்கின்றன. நீண்ட ஒரே வரிசையை முந்தும் வண்டிக்கு நடுவே ஒதுங்க இடமிராது. பிரிவுகளுக்கிடையே விடப்படும் இடைவெளி அந்த இடத்தைத் தருகிறது. ஒவ்வொரு பிரிவிலும் வழிகாட்டி ஒருவர் முன்னும், பழுது பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் கடைசியிலும் செல்வர். குழி, கண்ணாடித் துண்டு, நிற்கும் வண்டி ஆகியவை கைச்சைகையாலும் குரலாலும் பின்னோக்கித் தெரிவிக்கப்படும். நாளின் வேகத்தை மிக மெதுவாக ஓட்டுபவரைக் கொண்டு கணிப்பது நல்ல குழுக்களின் இயல்பு. அவரைத் தனியே விட்டுச் செல்லும்போது குழுவாக வந்ததன் பயனே இல்லாமற் போகிறது.

பழுது பார்த்தல்

உள்ளூர் மிதிவண்டிக் கடைகளில் வழக்கமான 28 அங்குல, 26 அங்குலச் சக்கரங்களுக்கான டயரும் டியூபும் வால்டியூபும் கிடைக்கும். மெல்லிய சக்கரப் பந்தய வண்டிகளுக்கான டியூப் சிற்றூர்களில் அரிது. மோட்டார் சைக்கிள் வகை வால்வு உடைய டியூபுக்கு நெடுஞ்சாலையோரப் பஞ்சர் கடையிலேயே காற்றடிக்கலாம். பிரெஸ்டா எனும் மெல்லிய வால்வுக்குச் சிறு இணைப்பி தேவை. லாரித் தொழில் செழித்த நாமக்கல்லில் கூடு கட்டும் பட்டறைகள் மிகுதி என்பதால், உடைந்த சுமைத்தாங்கி போன்றவற்றுக்குப் பற்றவைப்பு எளிதில் கிடைக்கும்.

சட்டமும் பாதுகாப்பும்

மிதிவண்டி மோட்டார் வாகனம் அன்று. அதற்கு உரிமமோ பதிவோ தேவையில்லை. பொதுவான தேசிய நெடுஞ்சாலைகளில் மிதிவண்டி செல்லலாம். நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட விரைவுச் சாலைகளில் அனுமதி இல்லை. மோதிவிட்டுத் தப்பிய வண்டி அடையாளம் காணப்படாத விபத்துகளில், 1 ஏப்ரல் 2022 முதல் நடைமுறையில் உள்ள நடுவண் அரசுத் திட்டத்தின்படி உயிரிழப்புக்கு 2 இலட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் இழப்பீடு உண்டு. தமிழ்நாட்டு எல்லைக்குள் நிகழும் சாலை விபத்துகளில் காயமுற்றோருக்கு, அவர் எம்மாநிலத்தவராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. அவசர ஊர்திக்கான எண் 108 ஆகும்.

சாலை விரிவாக்கத்தின் விளைவுகள்

வடக்கு–தெற்கு நெடுவழித் திட்டத்தின் கீழ் இச்சாலை நான்கு வழிச் சாலையாக விரிவாக்கப்பட்டது. எதிரெதிர்ப் போக்குவரத்து நடுத்திட்டால் பிரிக்கப்பட்டதாலும், ஓரத்தில் தளமிட்ட பகுதி கிடைத்ததாலும் நெடுந்தொலைவுப் பயணியருக்கு நன்மை உண்டாயிற்று. மறுபுறம், பழைய சாலைக்கு நிழல் தந்த புளிய மரங்கள் பல இடங்களில் வெட்டப்பட்டன. ஊர்கள் புறவழிச் சாலைகளால் ஒதுக்கப்பட்டதால் குடிநீரும் உணவும் கிடைக்கும் இடங்களின் தொலைவு கூடியது. ஓரப் பகுதியில் எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டிகளும், இணைப்புச் சாலைகள் வந்து சேரும் இடங்களும் புதிய விபத்து முனைகள் ஆயின.

நெடும்பயணக் குழு இவ்விடங்களை ஒருமுறை கடந்து செல்கிறது. அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியில் பள்ளி செல்லும் மாணவரும், தோட்டங்களுக்கும் ஆலைகளுக்கும் செல்லும் தொழிலாளரும் அவற்றை நாள்தோறும் கடக்கின்றனர். எனவே அகன்ற ஓரப் பகுதி, தொடர்ச்சியான இணைப்புச் சாலை, சுரங்க நடைபாதை, நிழல் மரங்கள் ஆகியவற்றால் பெரும்பயன் அடைபவர்கள் இவ்வூர் மக்களே ஆவர்.